எட்டுப் பங்கு வயிறும் ஐந்து நினைவுகளும்: கைபாரா எக்கெனின் உணவு நெறி

கைபாரா எக்கென் (1630–1714) ஜப்பானின் எடோ காலத்தில் வாழ்ந்த கன்பூசிய அறிஞர், மருத்துவம் கற்றவர், தாவரவியலாளர், பயண நூலாசிரியர். தம் வாழ்நாளின் இறுதியில் அவர் எழுதிய 'யோஜோகுன்' (1713) உடலையும் உயிரையும் பேணும் வழிகளைச் சொல்லும் நூல். உணவை எப்படி உண்பது, எவ்வளவு உண்பது, உண்ணும்போது எதை நினைப்பது என்பவற்றை இவ்வளவு விரிவாகவும் எளிய நடையிலும் பேசிய நூல்கள் அக்காலத்தில் அரிது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஜப்பானில் இந்நூல் அச்சில் இருக்கிறது, வாசிக்கப்படுகிறது.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பதைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் வளர்வது போல, 'வயிறு எட்டுப் பங்கு' என்பதைக் கேட்டு ஜப்பானியப் பிள்ளைகள் வளர்கிறார்கள். வயிறு முழுவதும் நிரம்புமுன் கை கழுவிவிட வேண்டும் என்பது அதன் பொருள். இன்று இது ஒகினாவாத் தீவு முதியோரின் நீண்ட ஆயுளுக்கான இரகசியமாக உலகெங்கும் விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் இது ஒகினாவாவுக்கு மட்டும் உரியதன்று. இக்கருத்தை ஜப்பானின் பொதுமக்கள் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்ததில் எக்கெனின் நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

நோயாளியாக வளர்ந்தவர்

எக்கென் 1630 டிசம்பர் 17 அன்று கியூஷு தீவின் வடக்கே உள்ள ஃபுகுவோகாவில் பிறந்தார். ஃபுகுவோகா அப்போது குரோதா குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. எக்கெனின் தந்தை அந்தக் குடும்பத்தில் பணியாற்றிய சாமுராய். மருத்துவமும் அறிந்தவர். ஆறு வயது நிறையும் முன்பே தாயை இழந்த எக்கென், உடல் வலிமை குன்றிய பிள்ளையாகவே வளர்ந்தார். விளையாட்டு வயதில் புத்தகமும் மருந்துமாக இருந்த பிள்ளை என்று சொல்லலாம்.

அவருடைய பிள்ளைப் பருவம் நாட்டுக்கும் நல்ல காலமாக இல்லை. 1637–38இல் அதே கியூஷு தீவில் ஷிமாபாராக் கிளர்ச்சி வெடித்தது. அதைத் தொடர்ந்து மேற்கு ஜப்பானில் கால்நடைகளை ஒரு கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. உழவு மாடுகள் இல்லாமல் போன நிலத்தில் வானிலையும் பொய்க்க, 1640–43இல் நாடு முழுவதும் பஞ்சம் பரவியது. வரலாற்றில் இது கன்எய் பஞ்சம் எனப்படுகிறது. எக்கெனுக்கு அப்போது பத்து முதல் பதின்மூன்று வயது. பின்னாளில் அவர் பட்டினி கிடப்பவர்களைப் பற்றி எழுதிய வரிகளைப் படிக்கும்போது இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பத்தொன்பது வயதளவில் ஃபுகுவோகா ஆட்சியாளர் குரோதா ததயுகியின் சினத்துக்கு ஆளாகிப் பணி இழந்தார். ஏழு ஆண்டுகள் தலைவன் இல்லாத சாமுராயாக அலைந்தார். இடையில் தலையை மழித்துக்கொண்டு மருத்துவராகவும் வாழ முயன்றார்; அக்காலத்து மருத்துவர்கள் தலையை மழித்துக்கொள்வது வழக்கம். அடுத்த ஆட்சியாளர் 1656இல் அவரை மீண்டும் பணியில் சேர்த்ததோடு, கியோத்தோவுக்கு அனுப்பிப் படிக்கவும் வைத்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் அவர் உழைத்தார். எழுதிய நூல்கள் ஏராளம். 1709இல் வெளிவந்த 'யமாதோ ஹொன்சோ' ஜப்பானின் செடிகொடிகள், விலங்குகள், கனிமங்கள் என 1362 பொருள்களை விவரிக்கிறது. பழைய சீன நூலைத் திருப்பிச் சொல்வதோடு நிறுத்தாமல், தாம் நேரில் கண்டதையும் அதில் சேர்த்தது அவருடைய தனிச்சிறப்பு.

அவருடைய பெயரிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. வாழ்வின் பெரும்பகுதியில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'சொன்கென்'. அதன் முதல் எழுத்துக்கு 'இழப்பு' என்று பொருள். எழுபது வயதைத் தாண்டிய பிறகே அதை மாற்றி 'எக்கென்' என்று வைத்துக்கொண்டார். இப்பெயரின் முதல் எழுத்துக்குப் பொருள் 'பயன்' அல்லது 'மிகுதி'.

நூலின் அமைப்பு

'யோஜோ' என்றால் உயிரைப் பேணுதல். 'குன்' என்றால் அறிவுரை. நூல் எட்டுப் பகுதிகளைக் கொண்டது. முதல் இரண்டும் பொதுக் கருத்துகள். மூன்றாவது முழுவதும் உணவு பற்றியது. நான்காவதிலும் உணவு தொடர்ந்து, மது, தேநீர், புகையிலை ஆகியவை வருகின்றன. பின்னர் ஐம்புலன்கள், குளியல், நோயில் கவனம், மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, மருந்து, முதியோர் பராமரிப்பு, குழந்தை வளர்ப்பு என்று செல்கிறது.

எக்கெனின் அடிப்படைக் கருத்து இது: ஒவ்வொருவரும் வானத்திடமிருந்தும் நிலத்திடமிருந்தும் 'கி' எனப்படும் உயிராற்றலைப் பெற்றுப் பிறக்கிறார்கள். அதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று உள்ளிருந்து எழும் ஆசைகள்: உணவாசை, காமம், உறக்க ஆசை, பேச்சாசை முதலியன. மற்றொன்று வெளியிலிருந்து தாக்கும் காற்று, குளிர், வெப்பம், ஈரம். முதல் வகையை அடக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு அஞ்ச வேண்டும். உள்ளாசைகளில் அவர் மிகுதியாகப் பேசுவது உணவைத்தான். மற்றவற்றை ஒரு நாள் விட்டிருக்கலாம். உணவு நாள்தோறும் வந்து நிற்கிறது அல்லவா!

அறிஞர்கள் சீன எழுத்தில் செந்நடையில் எழுதிய காலத்தில், எக்கென் இந்நூலைக் கல்வி குறைந்தவர்களும் படிக்கத்தக்க எளிய ஜப்பானிய நடையில் எழுதினார். நகரங்களில் வணிகர்களும் கைவினைஞர்களும் படிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கியோத்தோவில் புத்தக வணிகம் செழித்திருந்தது. இந்தப் பின்னணி இல்லாவிட்டால் ஓர் ஆட்சிப் பகுதியின் அறிஞர் எழுதிய உடல்நல நூல் நாடு முழுவதும் பரவியிருக்காது.

குறைத்து உண்பது எதற்காக?

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எக்கெனைத் துறவு போதித்தவர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அவர் உணவின் இன்பத்தை மறுக்கவில்லை. அந்த இன்பம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்.

எவ்வளவு அரிய, சுவையான உணவு கிடைத்தாலும் எட்டு ஒன்பது பங்கில் நிறுத்த வேண்டும் என்கிறார். சிறிதளவே உண்டு அதன் சுவையை நன்றாக உணர்ந்துவிட்டால், வயிறு புடைக்க உண்டவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அது எந்த வகையிலும் குறைந்ததன்று. பின்னால் வரும் துன்பம் மட்டும் இல்லை என்பது அவர் கணக்கு. அதாவது சுவை என்பது அளவோடு வளர்வதில்லை. முதல் சில கவளங்களிலேயே நாக்கு அதை அறிந்துவிடுகிறது. அதற்கு மேல் உண்பது சுவைக்காக அன்று, பழக்கத்துக்காகவோ பேராசைக்காகவோதான். நூலின் மையமே இந்த வாதம் எனலாம்.

விருப்பமான உணவை ஒதுக்கிவிடவும் அவர் சொல்லவில்லை. ஒருவர் இயல்பாக விரும்பும் உணவு அவருடைய வயிறும் விரும்பும் உணவாகவே இருக்கும். ஆகவே அது உடலுக்கு வலுவூட்டும் என்கிறார். இதற்குச் சான்றாக, மிகவும் பிடித்த பண்டம் மருந்துக்குச் சமம் என்று கருதிய சீன எழுத்தாளர் லீ யூவைத் துணைக்கு அழைக்கிறார். ஆனால் பிடித்ததை அளவு மீறி உண்பது, பிடிக்காததைச் சிறிது உண்பதைவிடக் கெடுதல் என்று உடனே ஒரு கடிவாளமும் போடுகிறார்.

நடைமுறைக் குறிப்புகள் பல. சோற்றோடு ஒரு சூப், ஒரு மீன் அல்லது இறைச்சி, ஒன்றிரண்டு தொடுகறி போதும். இரவு உணவு காலை உணவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இனிப்பு, காரம், உப்பு, புளிப்பு, கசப்பு என்ற ஐந்து சுவைகளில் ஒன்று மட்டும் ஓங்கினால் உடலுக்குக் கேடு. கோபம் வந்தபின் உடனே உண்ணக் கூடாது. உண்டபின் கோபப்படக் கூடாது. கவலையோடு உட்கார்ந்து உண்ணக் கூடாது. உண்டதும் படுக்கக் கூடாது. சில நூறு அடிகள் நடக்க வேண்டும். விருந்தினருக்கு மதுவை வற்புறுத்தி ஊற்றுவது அன்பு அன்று என்கிறார். மதுவையும் அவர் முழுவதும் விலக்கவில்லை. சிறிது குடித்தால் அது வானம் தந்த பரிசு, மிகுந்தால் அதைவிடக் கெடுதலான பொருள் வேறில்லை என்பது அவர் நிலை.

இந்த அறிவுரைகள் யாரை நோக்கி எழுதப்பட்டவை என்பதற்குக் காலப் பின்னணி தேவை. 1688 முதல் 1704 வரையிலான கென்ரோக்கு ஆண்டுகள் ஜப்பானிய நகரங்களில் செல்வமும் கேளிக்கையும் பெருகிய காலம். நாளுக்கு இரண்டு வேளை உண்ட மக்கள் மூன்று வேளைக்கு மாறிவந்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு நகரத்தாரின் அன்றாட உணவாகியது. உணவுப் பொருள்களை வகைப்படுத்தும் 'ஹொன்ச்சோ ஷொக்கான்' என்ற பெரிய நூல் 1697இல் வெளிவந்தது. உணவு மிகுதியாகக் கிடைக்கத் தொடங்கிய ஒரு சமூகத்துக்கே 'போதும்' என்று சொல்லித் தர ஆள் வேண்டியிருந்தது.

ஐந்து நினைவுகள்

நூலின் சிறந்த பகுதி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். உண்ணும்போது ஐந்து செய்திகளை நினைக்கும்படி எக்கென் கூறுகிறார்.

முதலில், இந்த உணவு யார் தயவால் வந்தது என்று நினைக்க வேண்டும். தலைவன் தந்த ஊதியத்தாலா, பெற்றோர் அளித்ததா, உடன்பிறந்தாரோ உறவினரோ கொடுத்ததா? சொந்த உழைப்பில் உண்ணும் உழவரும் கைவினைஞரும் வணிகரும்கூட நாட்டுக்குக் கடன்பட்டிருப்பதை நினைக்க வேண்டும். இரண்டாவது, இதை விளைவித்த உழவரின் பாடு. நான் உழவில்லை; சுகமாக உட்கார்ந்திருந்தே இதைப் பெறுகிறேன் என்ற உணர்வு. மூன்றாவது, எனக்குத் தனித் திறமையோ சிறந்த ஒழுக்கமோ இல்லாதபோதும் இந்த நல்ல உணவு கிடைத்திருக்கிறது. நான்காவது, என்னைவிட ஏழையானவர் எத்தனையோ பேர். தவிடும் கிடைத்தால் மகிழ்ந்து உண்பவர்களும் உண்டு, பட்டினியால் சாகிறவர்களும் உண்டு. ஐந்தாவது, பழங்காலத்தில் தானியங்களே இல்லை. மக்கள் புல், கிழங்கு, காய்கனிகளைத் தின்று பசி ஆறினார்கள். இன்று வெந்த வெண்சோறும் சாறும் காலை மாலை கிடைக்கின்றன.

இந்த ஐந்தும் எக்கெனே புதிதாகப் படைத்தவை அல்ல. பௌத்த மடங்களில் உண்ணும் முன் ஐந்து செய்திகளை எண்ணும் மரபு சீனாவில் நெடுங்காலமாக இருந்தது. சொங் காலத்துக் கவிஞர் ஹுவாங் டிங்ஜியான் அதை இல்லறத்தாருக்கு ஏற்ப எழுதினார். ஜப்பானில் சென் துறவி தோகென் 1246இல் மடத்து உணவு முறையை வகுத்தபோது அதைச் சேர்த்தார். பௌத்த வடிவில், இந்த உணவு வந்த வழியை எண்ணுவதில் தொடங்கி, தன் தகுதியைச் சோதித்து, பேராசையை விலக்கி, உணவை மருந்தாகக் கருதி, இறுதியில் ஞானம் அடைவதற்காகவே உண்கிறேன் என்று முடியும்.

எக்கெனோ ஞானத்தை எடுத்துவிட்டார். அவருடைய பட்டியல் உழவரிடமும் ஏழையிடமும் சென்று, மனிதகுலத்தின் பழைய பசியில் முடிகிறது. துறவி உள்நோக்கிப் பார்த்த இடத்தில் இந்த அறிஞர் வெளிநோக்கிப் பார்க்கிறார். தாவரங்களையும் வட்டார வரலாற்றையும் ஆராய்ந்தவருக்கு ஒரு கிண்ணம் சோற்றுக்குள்ளும் வரலாறு தெரிந்ததில் வியப்பில்லை.

உழவரைப் பற்றிய நினைவு வெறும் அலங்காரமும் அன்று. 1697இல் வெளிவந்த 'நோக்யோ சென்ஷோ', அக்கால ஜப்பானின் மிக முக்கியமான வேளாண்மை நூல். அதை எழுதிய மியாசாகி யசுசதா, ஃபுகுவோகா ஆட்சிப் பணியை விட்டுவிட்டுக் கிராமத்தில் தாமே உழுது பயிரிட்டவர். எக்கெனின் நண்பர். அந்நூல் உருவாவதற்கு எக்கெனும் அவருடைய அண்ணன் ரகுகெனும் துணை நின்றார்கள்.

காணாமல் விட்டவை

இருந்தும் சில கேள்விகள் எஞ்சுகின்றன. சாமுராய்க்கு ஊதியம் அரிசியில் கணக்கிடப்பட்டது. 'கொகு' என்ற அளவு சுமார் 180 லிட்டர். ஒருவர் ஓராண்டு உண்ணும் அரிசி என்று அது மதிப்பிடப்பட்டது. அந்த அரிசி உழவரிடமிருந்து வரியாக வந்தது. நெல் விளைவித்தவர்களோ பல இடங்களில் பார்லியும் தினையும் கலந்து உண்டார்கள். உழவரை நன்றியோடு நினைக்கச் சொன்ன எக்கென், அந்த வரியைக் குறைக்கும்படி இந்நூலில் எங்கும் கேட்கவில்லை. நன்றி வேறு, நீதி வேறு. எட்டுப் பங்கில் நிறுத்துவது தட்டில் பத்துப் பங்கு உள்ளவருக்கே பொருந்தும் அறிவுரை.

இன்னொரு விடுபாடும் உண்டு. தலைவன், பெற்றோர், உழவர், ஏழைகள், முன்னோர் எல்லோரும் ஐந்து நினைவுகளில் வருகிறார்கள். சமைத்தவர் வரவில்லை. அந்தக் கிண்ணத்தை நிரப்பி முன்னால் வைத்த கை எதுவோ, அதை எண்ணும்படி நூல் சொல்லவில்லை.

அறிவியல் நோக்கில் இன்று ஏற்க முடியாதவையும் பல. எந்தெந்த உணவுகளைச் சேர்த்து உண்ணக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. பன்றி இறைச்சியோடு இஞ்சி ஆகாது என்கிறது. ஜப்பானிய வீடுகளில் இஞ்சி சேர்த்து வறுத்த பன்றி இறைச்சி இன்று அன்றாடச் சமையல். அதைவிட முக்கியமானது வெள்ளை அரிசி. தவிடு நீக்கிய அரிசியை மட்டுமே பெரிதும் உண்ட எடோ நகரத்தாரைக் கால் வீங்கித் தளரும் ஒரு நோய் தாக்கியது. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு வந்து, திரும்பிப் போனால் தணிந்ததால் 'எடோ நோய்' என்றே பெயர் பெற்றது. அதுவே பெரிபெரி. தவிட்டில் உள்ள சத்துக் குறைவே காரணம் என்பது ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தே தெரியவந்தது; 1910இல் சுசுகி உமெதாரோ தவிட்டிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுத்தார். எட்டுப் பங்கு உண்டாலும் பத்துப் பங்கு உண்டாலும் வெறும் வெள்ளைச் சோறு அந்நோயைத் தடுத்திருக்காது.

மகிழ்ச்சி பற்றிய நூல்

'யோஜோகுன்' வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகள் முன், 1710இல், எக்கென் 'ரக்குன்' என்ற சிறு நூலை எழுதியிருந்தார். மகிழ்ச்சி பற்றிய அறிவுரை என்பது அதன் பொருள். முதல் பகுதி பொதுவானது, இரண்டாவது நான்கு பருவங்களின் அழகைப் பற்றியது, மூன்றாவது வாசிப்பு. மகிழும் இயல்பு எல்லோருக்குள்ளும் பிறவியிலேயே இருக்கிறது, அதைப் பேராசை மறைத்துவிடுகிறது என்பது அதன் சாரம். நிலவையும் பூவையும் பார்க்கக் காசு வேண்டியதில்லை.

இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் எக்கெனின் உணவு நெறி முழுமையாக விளங்கும். பூவைப் பாதி மலர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்ற சீன அறிஞர் ஷாவ் யொங்கின் கருத்தை 'யோஜோகுன்' எடுத்தாள்கிறது. முழுவதும் மலர்ந்த பூ அடுத்து உதிரத்தான் போகிறது. உணவிலும் அப்படியே. நிறைவுக்குச் சற்று முன் நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று அவர் நம்பினார். 'யோஜோகுன்' மனிதருக்கு மூன்று இன்பங்களைச் சொல்கிறது: நல்ல வழியில் நடப்பது, நோயின்றி இருப்பது, நீண்ட நாள் வாழ்ந்து இவற்றைத் துய்ப்பது. ஆயுளை நீட்டிக்கொள்வதும் அவருக்கு மகிழ்வதற்காகவே.

இதை அவர் தம் வாழ்வில் எவ்வளவு கடைப்பிடித்தார் என்பதற்கு நூலிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. பிறந்தவுடன் ஒரு வயது என்று எண்ணும் அக்கால வழக்கப்படி எண்பத்து மூன்று வயதில், இரவில் சிறிய எழுத்துகளைப் படிக்கவும் எழுதவும் முடிகிறது என்றும், ஒரு பல்கூட விழவில்லை என்றும் அவர் எழுதுகிறார். காலைதோறும் உப்பால் பல் துலக்கி, உப்பு நீரால் கண் கழுவி வந்ததே காரணம் என்கிறார். நோயாளிப் பிள்ளை பல் விழாத கிழவர் ஆன கதை அது. அக்காலத்தில் ஐம்பது வயதைத் தாண்டுவதே பெரிது என்பதை நினைத்தால், வாசகர்கள் இந்த நூலை ஏன் நம்பி வாங்கினார்கள் என்பது புரியும்.

எக்கெனின் மனைவி தோகென், அருகில் இருந்த அகிசுகியைச் சேர்ந்தவர். கணவரைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் இளையவர். அவரும் உடல்நலம் குன்றியவரே. அழகிய எழுத்துக் கலையில் தேர்ந்தவர். கொதோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசிப்பார். இருவரும் சேர்ந்து இசைப்பதும், கியோத்தோவுக்குப் பயணம் போவதும் உண்டு. இருவரும் உட்கொண்ட மருந்துகளை எக்கென் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தார். பிறருக்கு அறிவுரை எழுதுமுன் தம் வீட்டிலேயே அதைச் சோதித்துப் பார்த்தவர் அவர். 'யோஜோகுன்' வெளிவந்த ஆண்டின் குளிர்காலத்தில் தோகென் இறந்தார். அடுத்த இலையுதிர் காலத்தில், 1714 அக்டோபர் 5 அன்று, எக்கெனும் காலமானார்.

பிற்காலம்

அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளில், 1732இல், நெற்பயிரை உறிஞ்சும் பூச்சிகள் மேற்கு ஜப்பானின் வயல்களை அழித்தன. கியோஹோ பஞ்சம் என்று பெயர் பெற்ற அந்தப் பேரழிவில் மிகுதியான உயிர்களை இழந்த பகுதிகளில் ஒன்று எக்கெனின் ஃபுகுவோகா. அவர் நான்காவது நினைவில் எழுதிய பட்டினிச் சாவு அவருடைய சொந்த ஊர்த் தெருக்களிலேயே நடந்தது. ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் படிக்க, வில்லியம் ஸ்காட் வில்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வெளிவந்தது.

ஃபுகுவோகா நகரில் கின்ரியூஜி என்னும் கோயில் வளாகத்தில் எக்கெனின் கல்லறை உள்ளது. தோகெனின் கல்லறை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அருகில் எக்கெனின் சிலையையும் காணலாம்.